மாற்று ஆட்டக்காரனின் சரித்திரம்

கூடைப்பந்து என்ற ஆட்டம், யாரும் வெளியே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கக் கூடாது என்பதற்காகவே உண்டாக்கப்பட்ட ஆட்டம். நம் கல்லூரி அணியில் பெயர் வந்து, பனியனும் வாங்கி, வருடம் பூராவும் பெஞ்சைத் தேய்த்துவிட்டுப் போன நண்பர்கள் இதைப் படித்தால் ஒரு பெருமூச்சு விடுவார்கள் என்று எனக்குத் தெரியும். என்ன செய்வது, சரித்திரம் அப்படித்தான் சொல்கிறது.

1891-ஆம் வருடம் டிசம்பர் மாதம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிப் பள்ளி. வெளியே பனிக்காலம். உள்ளே ஒரே மாதிரி டிரில் செய்து அலுத்துப்போன 18 மாணவர்கள். அவர்களுக்குப் பாடம் எடுத்த கனடாக்காரரான ஜேம்ஸ் நெய்ஸ்மித், பழக்கூடைகள் இரண்டை பால்கனிக் கைப்பிடியில் அடித்து மாட்டி, 13 விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். பக்கத்துக்கு 9 பேர். ஏன் 9? வகுப்பில் 18 பேர் இருந்தார்கள், அவ்வளவுதான். அந்த 13 விதிகளில் ஒரு பக்கத்துக்கு இத்தனை பேர் என்று எங்கேயும் எழுதவில்லை. வகுப்பில் எத்தனை பேரோ அத்தனை பேரும் ஆட வேண்டும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் பக்கத்துக்கு 50 பேர் வீதம் 100 பேரை இறக்கி ஆடிப் பார்த்தார்களாம். கட்டடம் தாங்காது என்று பயந்து நிறுத்தினார்கள்.

இங்கே ஐந்தாவது விதியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒருவன் எதிராளியைத் தள்ளினாலோ, இடித்தாலோ, பிடித்தாலோ முதல் தடவை ஃபவுல். இரண்டாவது தடவை செய்தால், அடுத்த கோல் விழும்வரை அவன் வெளியே உட்கார வேண்டும். காயப்படுத்தும் எண்ணத்தோடு செய்திருந்தால் ஆட்டம் முடியும்வரை வெளியே. அவனுக்குப் பதிலாக இன்னொருவரை இறக்கக் கூடாது.

அடுத்த கோல் விழும்வரை வெளியே, விழுந்தவுடன் உள்ளே! இதைப் படித்ததும் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இது நம்ம சடுகுடு சட்டமாச்சே!

மரக்காணம் உப்பளக் கரையில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். காக்கிநாடாவிலிருந்து இறங்கி வரும் பக்கிங்காம் கால்வாய் வந்து முடிகிற இடம் எங்கள் ஊர். ஒரு காலத்தில் எங்கள் உப்பு படகேறிச் சென்னைக்குப் போனது அந்தக் கால்வாய் வழியாகத்தான். பொங்கல் முடிந்து பாத்தி கட்ட ஆரம்பித்தால் ஐப்பசி மழை வரும்வரை அளத்தில் வேலை இருக்கும். வெயிலுக்குப் பயந்து விடிவதற்கு முன்னாலேயே இறங்கி, பலகையால் உப்பை இழுத்து, வாரி, கூடையில் சுமந்து கரையேற்றுவார்கள். சாயங்காலம் மணலில் கோடு கிழித்தால் சடுகுடு. கூடைப்பந்துக் கம்பம் என்பதை எங்களில் பலர் கல்லூரியில் கால் வைத்த அன்றுதான் நேரில் பார்த்தோம். கம்பம் நட்டாலும் அந்த மணலில் பந்தைத் தட்டினால் எழும்பாது. உப்புக் காற்றில் இரும்பு வளையம் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்பது தனிக் கதை.

சடுகுடுவில் அவுட்டானவன் ஓரமாக உட்கார வேண்டும். நம் ஆள் பாடிப் போய் எதிராளியைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் உட்கார்ந்திருப்பவன் எழுந்து உள்ளே வரலாம். முதலில் போனவன் முதலில் வருவான். கபடிக்கு விதி எழுதியவர்கள் இதற்கு சஞ்சீவனி முறை என்று பெயர் வைத்தார்கள். இன்று உலகமெங்கும் ஆடுவது இதைத்தான். இதுதவிர பழைய கபடியில் இன்னும் இரண்டு முறைகள் உண்டு. காமினி முறையில் அவுட்டானவன் போனவன் போனவன்தான், ஒரு பக்கத்து ஆட்கள் மொத்தமும் போகும்வரை அவன் எழுந்திருக்க முடியாது. அமர் முறையில் தொடுபட்டவன் வெளியேற வேண்டியதே இல்லை, எதிர்ப் பக்கத்துக்குப் புள்ளி மட்டும் போகும். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கூடைப்பந்தில் மாற்று ஆட்டக்காரனின் தலையெழுத்தும் ஏறக்குறைய இதே மூன்று கட்டங்களைத் தாண்டித்தான் வந்திருக்கிறது.

நெய்ஸ்மித் எழுதியது சஞ்சீவனி. அந்தக் காலம் சீக்கிரம் முடிந்தது. 1897 வாக்கில் பக்கத்துக்கு 5 பேர் என்று நிலைத்தது. அன்றைக்குப் பிறந்ததுதான் பெஞ்ச். அதற்குப் பிறகு அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் நீண்ட காலம் காமினி நடந்தது. களத்தை விட்டு ஒருமுறை வெளியே வந்தவன் அந்த ஆட்டத்தில் மறுபடி உள்ளே போக முடியாது. இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். நல்ல ஆட்டக்காரனை மூச்சு வாங்கக்கூட வெளியே எடுக்கமாட்டார்கள், எடுத்தால் போச்சு. அப்புறம் பெஞ்சில் இருப்பவனுக்கு எங்கே இடம்? ஒருவன் கால் சுளுக்கிக்கொள்ள வேண்டும், அல்லது 1910-இல் வந்த விதிப்படி நான்காவது ஃபவுல் வாங்கி வெளியேற வேண்டும். இன்னொரு வேடிக்கை, அதே 1910 விதிகளில் ஆட்டம் நடக்கும்போது பயிற்சியாளர் வாயே திறக்கக் கூடாது. ஓரத்திலிருந்து கத்தினால் முதலில் எச்சரிக்கை, அப்புறம் எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ. டைம் அவுட்டில் கோச் ஆட்டக்காரர்களோடு பேசலாம் என்று ஆனதே 1948-இல்தான். நம் கல்லூரி மைதானத்தில் பி.டி. சார்கள் போட்ட சத்தத்தைக் கேட்டவர்கள் அந்தக் காலத்தைக் கற்பனை செய்துகூடப் பார்க்க முடியாது.

1920-இல் கதவு கொஞ்சம் திறந்தது. வெளியே போனவன் ஒருமுறை திரும்பி வரலாம் என்றார்கள். தற்செயலாக அதே 1920-இல்தான் ஸ்பிரிங்ஃபீல்டில் படித்துவிட்டு இந்தியாவுக்கு வந்த ஹாரி க்ரோ பக், சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நம் நாட்டுக்கு இந்த ஆட்டம் அதற்கும் முன்பே வந்துவிட்டது. நெய்ஸ்மித்தின் அந்த முதல் வகுப்பில் இருந்த டங்கன் பேட்டன் 1894-இல் இங்கே கொண்டுவந்தார் என்பது வரலாறு. ஆனால் கம்பம் நட்டவர் ஒருவர், அந்தக் கம்பத்தடியில் நிற்க வாத்தியார்களை உருவாக்கியவர் இன்னொருவர். தமிழ்நாட்டின் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் விசிலோடு நின்ற பல பி.டி. சார்களின் குருபரம்பரையை மேலே தேடிக்கொண்டு போனால் நந்தனத்தில் போய்த்தான் நிற்கும்.

1934-இல் இருமுறை திரும்பலாம் என்றானது. அதே வருடம் டில்லியில் ஆண்களுக்கான முதல் தேசியப் போட்டி நடந்தது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து சேர்க்கப்பட்டது. ஒரு ஆட்டத்துக்கு ஓர் அணியில் 7 பேர்தான் என்பது அங்கே சட்டம். 14 பேரோடு போன அமெரிக்கா, அவர்களை இரண்டாகப் பிரித்து மாற்றி மாற்றி இறக்கியது. இறுதி ஆட்டம் திறந்த வெளியில், மண் தரையில், கொட்டும் மழையில் நடந்தது. பந்து தரையில் எழும்பவே இல்லை, எங்கள் கரை மணலில் எழும்பாததைப்போல. 19க்கு 8 என்று அமெரிக்கா கனடாவை வென்றது. அந்த 14 பேரிலும் பாதிப் பேர் இறுதி ஆட்டத்தை வேடிக்கைதான் பார்த்தார்கள். அதே பெர்லினில் அமராவதியின் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலத்தார் நம் கபடியை ஆடிக் காட்டினார்கள். இரண்டு ஆட்டங்களும் ஒரே ஊரில் சந்தித்திருக்கின்றன என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

1944-இல் எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம், வரலாம் என்று அமெரிக்கக் கல்லூரி விதி மாறியது. வெளியே போவது என்பது இனி தண்டனையே இல்லை. ஏறக்குறைய நம்ம அமர் முறைதான். பெஞ்சில் இருப்பவனின் சரித்திரம் உண்மையில் இங்கிருந்துதான் தொடங்குகிறது என்பது என் அபிப்பிராயம். அதுவரை அவன் ஒரு ஸ்டெப்னி டயர், பஞ்சரானால்தான் ஞாபகம் வருவான்.

இந்த மாற்றத்தின் அருமையை முதலில் கண்டுகொண்டவர் பாஸ்டன் செல்டிக்ஸ் பயிற்சியாளர் ரெட் அவர்பாக். 1950-களில் ஃபிராங்க் ராம்சே என்ற நல்ல ஆட்டக்காரரை வேண்டுமென்றே முதல் ஐந்தில் சேர்க்காமல் வைத்திருந்தார். எதிரணி களைத்த நேரம் பார்த்துப் புத்தம் புதுசாக இறக்கினார். ஆறாவது ஆள் என்ற பதவி அப்படி உண்டானது. ராம்சேக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்தவர் ஜான் ஹாவ்லிசெக். செல்டிக்ஸ் அணிக்காக அதிகப் புள்ளி எடுத்தவர் இன்றைக்கும் அவர்தான். 1983-இல் சிறந்த ஆறாவது ஆளுக்கு என்று தனி விருதே வந்தது, முதலில் பெற்றவர் ஃபிலடெல்ஃபியாவின் பாபி ஜோன்ஸ். இதற்கு நேர்மாறான ஒருவரையும் சொல்ல வேண்டும். 1961–62 சீசனில் வில்ட் சேம்பர்லின் ஆட்டத்துக்குச் சராசரி 48.5 நிமிடம் ஆடினார். ஆட்டமே 48 நிமிடம்தான்! கூடுதல் நேர ஆட்டங்களால் அப்படி வந்தது. அவருக்கு மாற்றாகப் பெஞ்சில் இருந்த புண்ணியவானை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

யார் எத்தனை நிமிடம் ஆடினார் என்று என்.பி.ஏ.வில் கணக்கு எழுத ஆரம்பித்தது 1951-இல். நம் ஊர் கல்லூரி ஆட்டங்களில் அந்தக் கணக்கு யாரும் வைத்ததில்லை. ஃபீபா ஸ்கோர் ஷீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? களத்தில் இறங்கியவன் பெயருக்கு நேரே ஒரு சின்ன எக்ஸ் குறி இருக்கும். முதல் ஐந்து பேருக்கு அந்தக் குறியைச் சுற்றி ஒரு வட்டம். வட்டமில்லாத எக்ஸ் என்றால் மாற்று ஆட்டக்காரன். அவன் 20 நிமிடம் ஆடினானா, 20 விநாடி ஆடினானா என்பது அந்தத் தாளுக்குத் தெரியாது. எடுத்த புள்ளி தெரியும், வாங்கிய ஃபவுல் தெரியும். எதிராளியை எடுக்கவிடாமல் செய்த புள்ளி தெரியாது.

இதை எழுதும்போது எங்கள் கரையிலிருந்து எனக்கு இரண்டு வருடம் முன்னால் கல்லூரியில் சேர்ந்த அண்ணன் ஒருவர் ஞாபகத்துக்கு வருகிறார். "என் பேரையெல்லாம் போடாதே தம்பி" என்று சொல்லிவிட்டதால் போடவில்லை. அப்பா அம்மா இருவரும் அளத்து வேலை. இவர் கல்லூரிக்கு வந்தபிறகு பந்தைத் தொட்டவர். டவுன் பள்ளிக்கூடங்களிலிருந்து வந்த பையன்கள் ஆறாம் வகுப்பிலிருந்து லே-அப் போட்டவர்கள். ஏழு வருட வித்தியாசத்தை ஒரு வருடத்தில் எப்படிச் சமாளிப்பது? இரண்டு வருடம் பெஞ்ச். "பாஸ்கட் போடத் தெரியாதவனை எப்படிப்பா இறக்குறது?" என்று சார் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

ஆனால் அந்த அண்ணன் பெஞ்சில் சும்மா உட்காரவில்லை. எதிரணியில் நன்றாக ஷாட் போடுகிற ஆளை மட்டும் பார்ப்பார். "அவன் வலது பக்கம் போய் ரெண்டு தட்டு தட்டினா கட்டாயம் ஷாட்டுதான். இடது பக்கம் தள்ளிட்டா பாஸ் பண்ணிடுவான், பாரு" என்பார். அப்படியே நடக்கும். சடுகுடுவில் பாடி வருகிறவனின் கண்ணைப் பார்க்காமல் இடுப்பைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் ஊரில் சின்னப் பையனுக்கும் தெரியும். குனிந்து, கையை விரித்து, குதிகால் தரையில் படாமல் பக்கவாட்டில் நகர்வது எங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கூடைப்பந்தில் டிஃபென்ஸ் நிலை என்று பெயர் வைத்திருப்பது அதைத்தான்.

கல்லூரிகளுக்கு இடையிலான ஓர் ஆட்டத்தில் நம் முக்கிய ஆள் முதல் பாதியிலேயே நான்காவது ஃபவுல் வாங்கிவிட்டார். ஐந்தாவது வாங்கினால் ஆட்டமே அவருக்கு முடிந்தது. வேறு வழியில்லாமல் சார் அண்ணனை இறக்கினார். அவர் பந்தைக் கையில் வாங்கவே ஆசைப்படவில்லை. அந்த ஷாட் போடுகிற பையனை மட்டும் நிழல்போல ஒட்டிக்கொண்டு இடது பக்கமே தள்ளினார். கடைசியில் அண்ணன் எடுத்தது 2 புள்ளி. ஜெயித்தது நாம். அதற்குப் பிறகு ஆட்டத்துக்குப் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று கிடைத்தது. கல்லூரியை விட்டுப் போகும்வரை அவர் பெயருக்கு நேரே வட்டம் மட்டும் விழவே இல்லை. ஆனாலும் அந்த நிமிடங்களைப் பார்த்துத்தான் அவரைப் பெரிய அணித் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள், விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையும் கிடைத்தது. தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, ஐ.ஓ.பி., தமிழ்நாடு காவல்துறை என்று கூடைப்பந்து அணி வைத்த நிறுவனங்களால் எத்தனை வீடுகளில் அடுப்பு எரிந்தது என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். பெஞ்சிலிருந்து எழுந்திருப்பது சிலருக்குப் பெருமை. எங்களைப் போன்றவர்களுக்கு அது அரிசி விலை.

அண்ணன் செய்ததையே பின்னாளில் அமெரிக்காவில் ஒருவர் செய்ததாகப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியின் ஷேன் பேட்டியர். புள்ளி, ரீபவுண்டு எதிலும் அவர் கணக்கு சாதாரணம். ஆனால் அவர் களத்தில் இருக்கும்போது அவருடைய அணி நன்றாக ஆடியது, எதிரணி மோசமாக ஆடியது. கோபி பிரையன்ட் எந்த இடத்திலிருந்து போட்டால் அதிகம் தவறும் என்பதைப் படித்து வைத்துக்கொண்டு அங்கேயே அவரைத் தள்ளுவார், ஷாட் எழும்பும்போது முகத்துக்கு முன்னால் கையை நீட்டுவார். 2009-இல் மைக்கேல் லூயிஸ் எழுதிய நீண்ட கட்டுரைக்குப் பிறகுதான் பேட்டியரின் வேலை வெளியுலகத்துக்குத் தெரிந்தது. டென்னிஸ் ராட்மன் இன்னொரு ரகம். விமான நிலையத்தில் துப்புரவு வேலை பார்த்தவர், 1986-இல் 27-வது ஆளாகத் தேர்வானவர். புள்ளி எடுப்பதைப் பற்றிக் கவலையே படாமல், யார் எறிந்தால் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று பார்த்துப் பார்த்துப் படித்து, 1992 முதல் 1998 வரை தொடர்ந்து ஏழு சீசன் ரீபவுண்டில் முதலிடம்.

எல்லாருக்கும் இப்படி அமையும் என்று இப்போதைய மாணவர்களிடம் சொன்னால் அது பொய். ஜெரமி லின் 2012 பிப்ரவரியில் நியூயார்க் அணியில் மற்றவர்கள் அடிபட்ட நேரத்தில் இறங்கி, ஓர் ஆட்டத்தில் 25 புள்ளி, ஒரு வாரத்துக்குள் லேக்கர்ஸுக்கு எதிராக 38 என்று உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார். ஆனால் இந்திய வம்சாவளியில் முதலில் என்.பி.ஏ. களம் கண்ட சிம் புல்லர், 7 அடி 5 அங்குலம் உயரம், 2015 ஏப்ரலில் முதல் ஆட்டத்தில் ஆடியது சுமார் 16 விநாடி. மொத்தமே மூன்று ஆட்டம். அதே வருடம் டல்லஸ் அணியால் தேர்வு செய்யப்பட்ட பஞ்சாபின் சத்னாம் சிங்குக்கு என்.பி.ஏ. ஆட்டத்தில் ஒரு விநாடிகூடக் கிடைக்கவில்லை.

பெண்கள் ஆட்டத்தில் பெஞ்சின் கதை வேறு விதம். 1892-இல் ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் பெண்களுக்காக விதியை மாற்றினார். களத்தை மூன்றாகப் பிரித்து, அவரவர் பகுதியைத் தாண்டக் கூடாது என்றார். உள்ளே நின்றும் பாதி நேரம் வேடிக்கை பார்க்க வேண்டிய நிலை. அங்கிருந்து நம் சென்னை அனிதா பால்துரைக்கு வந்தால் எவ்வளவு தூரம்! தடகளமும் வாலிபாலும் ஆடிக்கொண்டிருந்த சிறுமி, 11 வயதில் கூடைப்பந்துக்கு வந்தவர், 19 வயதில் இந்திய அணிக்குத் தலைவி. ஆசியப் போட்டிகளில் ஒன்பது முறை ஆடினார். குழந்தை பிறந்தபிறகும் திரும்பி வந்து, 2017-இல் பெங்களூரில் ஆசியக் கோப்பை 'பி' பிரிவை வென்ற அணியில் இருந்தார். 2021-இல் பத்மஸ்ரீ. ஒருமுறை வெளியே போனால் திரும்ப முடியாது என்ற பழைய விதியைப் பெண்களின் வாழ்க்கையில் இன்னும் பல வீடுகளில் கடைப்பிடிக்கிறார்கள் என்பதால் இதைக் குறிப்பிட்டேன்.

ஊர் சிறிசு என்பதும் ஒரு சாக்கு அல்ல. கொடைக்கானல் மலையடிவாரத்துப் பெரியகுளத்தில் சில்வர் ஜூப்ளி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டிக்கு நாட்டின் பெரிய அணிகள் எல்லாம் வந்து ஆடியிருக்கின்றன. அந்த ஊர்ப் பையன்கள் வேலியோரம் நின்று இந்திய ஆட்டக்காரர்களைப் பார்த்தே வளர்ந்தார்கள். மரக்காணத்திலிருந்து கோட்டக்குப்பம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போதெல்லாம் எனக்கு இந்த ஞாபகம் வரும். எங்கள் பக்கம் நல்ல சிமெண்ட் தளம் ஒன்று போட்டு, வருடா வருடம் வளையத்துக்கு வர்ணம் அடிக்க ஆள் இருந்தால் போதும். நம் சங்கத்தின் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன், வழிமொழிய ஒருவர் வேண்டும்.

கடைசியாக ஒரு கணக்கு. இன்றைய ஃபீபா விதிப்படி ஆட்டம் 10 நிமிடம் வீதம் நான்கு பகுதி, மொத்தம் 40 நிமிடம். களத்தில் 5 பேர். ஆக ஓர் அணிக்குப் பங்கிட்டுக்கொள்ள 200 நிமிடம் இருக்கிறது. மலர் வெளியீட்டு விழா அன்று காலை நடக்கும் பழைய மாணவர், இப்போதைய மாணவர் ஆட்டத்துக்கு நம் பக்கம் இதுவரை 17 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். வகுத்துப் பார்த்தால் ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. நெய்ஸ்மித்தின் 13 விதிகளில் ஆள் கணக்கு இல்லை என்பதை எடுத்துக்காட்டி, 17 பேரையும் ஒரேயடியாக இறக்கலாமா என்று அந்த அண்ணன் போனில் கேட்டார். இப்போதைய மாணவர்கள் சம்மதித்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.